வலையமைப்பிற் பகிரப்படும் கோப்புக்களும் எழுத்து வேறுபாடும்

ஒரு பொருளைப் பிறிதொரு பொருளினின்றும் வேறுபடுத்தி அறிதற்குப் பெயர் வேண்டப்படுகின்றது. இரு பொருள்கள் ஒரே பெயரைத் தாங்கினும் இடர்ப்பாடு உண்டு. ஒரு பொருள் இரு பெயர் தாங்கினும் இடர்ப்பாடு உண்டு. கணினியிற் சேமிக்கப்படும் கோப்புக்களிடத்தும் இவ்வுண்மை மாறுவதில்லை. ஆங்கில எழுத்திற் பெயரிடப்பட்ட கோப்பு ஒன்றின் பெயரிலே, பேரெழுத்து நின்ற இடத்திற் சிற்றெழுத்து நிற்குமாயின், அஃது அதே பெயரோ வேறு பெயரோ என்னும் வினாவுக்குக் கணினிகள் யாவும் ஒரே விடை கூறுவதில்லை. தனித்தியங்குங் கணினியில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பல கணினிகள் வலையமைப்பினால் இணைக்கப்பட்டு, ஒன்றின் வன்தட்டிலுள்ள கோப்பகத்தைப் பிற கணினிகள் தம்முடையதுபோல ஏற்றிக்கொண்டு பயன்படுத்தும்போதே அது தொல்லையாக முளைக்கின்றது.

உதாரணத்தின் பொருட்டுக் கல்லூரி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்க. அங்கே லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குஞ் சேவையகம் ஒன்று உளது. அதன் கோப்பகம் ஒன்றை ஆசிரியர் பலர் பகிர்ந்து பயன்படுத்துகின்றனர். லினக்ஸ் கணினியில் வேலைசெய்யும் ஓர் ஆசிரியர், பரீட்சைப் புள்ளிகள் அடங்கிய கோப்புக்கு ஆங்கிலத்தில் ‘மார்க்ஸ்’ என்று, முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கிப் பெயரிடுகின்றார். அத்தகைய கணினியையே பயன்படுத்தும் மற்றோராசிரியர், திருத்திய புள்ளிகளை அதே சொல்லால், ஆனால் எல்லா எழுத்தையுஞ் சிற்றெழுத்தாக்கிச் சேமிக்கின்றார். சேவையகத்தில் இரண்டு கோப்புக்கள் உண்டாகின்றன. ஆண்டிறுதியில் அக்கோப்பகம் முழுவதும் விண்டோஸ் கணினியின் வன்தட்டுக்குப் படியெடுக்கப்படுகின்றது. அங்கே இரண்டு பெயரும் ஒன்றே; ஆதலின் பின்னர்ப் போய்ச் சேர்ந்த கோப்பு முன்னர்ச் சேர்ந்ததன் மேல் எழுதப்பட்டு, ஒன்றே எஞ்சுகின்றது. படியெடுத்த மென்பொருள் எச்சரிக்கை யாதுங் கூறாது விட்டிருப்பின், பழைய வன்தட்டு அழிக்கப்பட்ட பின்னரே இழப்பு வெளிப்படும். எழுத்து வேறுபாடு சிறிய விடயமாகத் தோன்றினும் அதனால் விளையுங் கேடு சிறிதன்று என்பது இதனாற் பெறப்படும்.

எழுத்தின் இரு வடிவங்கள்

உரோமரின் கல்வெட்டுக்கள் இன்று பேரெழுத்து எனப்படும் வடிவத்திலேயே பொறிக்கப்பட்டன. கையால் விரைந்து எழுதுமிடத்து வளைந்த வடிவங்கள் தோன்றின. 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளிலே, சாள்ஸ் மாமன்னனின் ஆட்சிக்குட்பட்ட ஐரோப்பிய நாடுகளிற் சிற்றெழுத்து வடிவமொன்று சீராக்கப்பட்டுப் பரவியது. பின்னர் இரு வடிவமும் ஒரே பக்கத்திற் கலந்து வழங்கலாயின. அச்சுக் கோப்போர் பேரெழுத்து அச்சுக்களை மேற்பெட்டியிலும் சிற்றெழுத்து அச்சுக்களைக் கீழ்ப்பெட்டியிலும் வைத்திருந்தமையால், ஆங்கிலத்தில் அவற்றுக்கு மேற்பெட்டி எழுத்து, கீழ்ப்பெட்டி எழுத்து என்னும் பெயர்களே நிலைத்தன. தமிழ் எழுத்திலே இப்பாகுபாடு இல்லை. ஆகவே தமிழ் மாணவன் ஆங்கிலம் பயிலும்போதே இதனை முதன்முதல் எதிர்கொள்கின்றான்.

படிப்போனுக்குப் பேரெழுத்து ‘ஏ’யும் சிற்றெழுத்து ‘ஏ’யும் ஓரெழுத்தின் ஈருருவங்களே. கணினியோ எழுத்தை உருவத்தால் அறிவதன்று, எண்ணால் அறிவது. தந்தியச்சுப் பொறிகளில் வழங்கிய ஐந்தலகுக் குறியீட்டில் இரு வடிவத்துக்கும் இடம் இருக்கவில்லை. அமெரிக்காவில் 1963இல் வெளியிடப்பட்ட ஆஸ்கி என்னுங் குறியீட்டின் முதற்பதிப்பிலும் சிற்றெழுத்துக்கள் இடம்பெறவில்லை. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவை இடம்பெற்றன. அதன்படி பேரெழுத்து ‘ஏ’யின் எண் 65, சிற்றெழுத்து ‘ஏ’யின் எண் 97. ஏனைய எழுத்துக்களிலும் இரு வடிவத்துக்கும் இடைப்பட்ட வேறுபாடு 32 ஆகவே அமைந்துளது. எனவே இவ்விரண்டும் ஒன்றென்று கொள்ளும் அறிவு கணினிக்கு இயல்பாக உள்ளதன்று. முறைமையை அமைத்தோர் அதற்கென விதி வகுத்துக் கொடுத்தலே வேண்டும்.

அவ்விதியை வகுத்தலும் எளிதன்று. 1928இல் துருக்கியர் உரோம எழுத்தை மேற்கொண்டபோது, புள்ளியுள்ள ‘ஐ’ என்றும் புள்ளியில்லாத ‘ஐ’ என்றும் இரண்டு எழுத்துக்களைத் தனித்தனியே கொண்டனர். ஆங்கிலத்திற் புள்ளியுள்ள சிற்றெழுத்து ‘ஐ’க்குப் பேரெழுத்துப் புள்ளியற்றது, துருக்கி மொழியிலோ அதன் பேரெழுத்தும் புள்ளியுள்ளதே. ஆகவே ஒரு மொழியில் இணையாகும் பெயர்கள் மற்றொரு மொழியில் இணையாகாமற் போகலாம். எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாத முறைமைகளிடையேகூட ஒருமைப்பாடு இல்லாதிருத்தற்கு இஃதொரு காரணமாகும்.

இருவேறு மரபுகள்

கணினி உலகில் இவ்வகையில் இருவேறு மரபுகள் வளர்ந்தன. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிய யுனிக்ஸ் முறைமை முதலாவது மரபைச் சேர்ந்தது. அதிற் கோப்பின் பெயர் வெறும் பைற்றுக்களின் வரிசையே. பாதையைப் பிரிக்குஞ் சாய்கோடும் பூச்சியப் பைற்றும் தவிர்ந்த எதுவும் பெயரில் வரலாம். பைற்று வேறாயிற் பெயரும் வேறு. இம்மரபையே லினக்ஸும் பின்பற்றியது.

இரண்டாவது மரபு சிறு கணினிகளோடு வளர்ந்தது. 1974இல் கரி கில்டால் ஆக்கிய சி.பி.எம். முறைமையையும், 1981இல் வெளிவந்த எம்.எஸ். டொஸ் முறைமையையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். டொஸ் முறைமையிற் பெயர் எட்டு எழுத்தும், பின்னொட்டு மூன்றெழுத்துமாக அமையும். எவ்வாறு தட்டச்சிடினும் யாவும் பேரெழுத்தாகவே சேமிக்கப்படும். 1995இல் வந்த விண்டோஸ் 95, 255 எழுத்து வரையிலான நீண்ட பெயர்களை அனுமதித்து, எழுதியவன் எழுதிய வடிவத்தையும் பேணியது. ஆயினும் தேடும்போது அவ்வடிவ வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. 1993இல் விண்டோஸ் என்.ரி.யுடன் வந்த என்.ரி.எஃப்.எஸ். என்னுங் கோப்பு முறைமை இரு வடிவத்தையும் வெவ்வேறு பெயராகச் சேமிக்க வல்லது. எனினும் விண்டோஸ் மென்பொருள்கள் வழக்கமாக அதனை ஒன்றாகவே காண்கின்றன. எவ்வெழுத்துக்கு எது பேரெழுத்து என்னும் அட்டவணையை அம்முறைமை வன்தட்டிலேயே எழுதி வைத்துக்கொள்கின்றது. அப்பிள் நிறுவனம் 1985இல் மக்கின்ரொஷ் கணினிக்கு அளித்த கோப்பு முறைமையும் வடிவத்தைப் பேணுமேயன்றி வேறுபடுத்தாது. அந்நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய புதிய முறைமையில் இருவகையும் உள. வன்தட்டை ஆயத்தஞ் செய்யும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்.

ஈண்டு ஒரு நுண்மை நோக்கற்பாலது. எழுத்து வடிவத்தைப் பேணுதல் வேறு, வேறுபடுத்துதல் வேறு. எழுதிய வண்ணமே பெயரைக் காட்டுவது பேணுதல். வடிவம் மாறின் வேறு கோப்பெனக் கொள்வது வேறுபடுத்துதல். விண்டோஸ் முன்னையதைச் செய்கின்றது. பின்னையதை வழக்கமாகச் செய்வதில்லை. பேரெழுத்தும் சிற்றெழுத்தும் திரையிற் சரியாகத் தோன்றுவதைக் கண்டு, முறைமை அவற்றை வேறுபடுத்துகின்றது என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பிழையானது.

மரபுகள் சந்திக்கும் இடம்

வலையமைப்பு வழியே கோப்புக்களைப் பகிரும் நெறிமுறைகளும் இவ்விரு மரபுகளின் வழித்தோன்றல்களே. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பரி ஃபைகன்பாம் வகுத்த எஸ்.எம்.பி. நெறிமுறை டொஸ் உலகில் வளர்ந்தது. 1984இல் சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் ஆக்கிய என்.எஃப்.எஸ். நெறிமுறை யுனிக்ஸ் உலகிற் பிறந்தது. முன்னையது வேறுபடுத்தாமையையும், பின்னையது வேறுபடுத்துதலையும் இயல்பாகக் கொண்டன. 1991ஆம் ஆண்டின் இறுதியிலே கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்றூ ட்றிஜெல், யுனிக்ஸ் கணினியின் கோப்புக்களை டொஸ் கணினிக்கு வழங்கும் மென்பொருளொன்றை எழுதத் தொடங்கினார். பிற்காலத்திற் சம்பா எனப் பெயர்பெற்றது அதுவே. வேறுபடுத்தும் வன்தட்டின் மேலமர்ந்து, வேறுபடுத்தாத கணினிகளுக்கு விடையளிக்கும் பொறுப்பு அதன் தலையில் விழுந்தது.

சம்பா அப்பொறுப்பை நிறைவேற்றும் முறை எளிது. கேட்கப்பட்ட பெயர் கேட்ட வண்ணமே வன்தட்டில் உளதாவென முதலிற் பார்க்கும். இருப்பின் அதனை அளிக்கும். இல்லையாயிற் கோப்பகம் முழுவதையும் வாசித்து, வடிவ வேறுபாட்டைப் புறக்கணித்து ஒப்பிட்டு, இணையான பெயர் உளதாவெனத் தேடும். நூறு கோப்புக்கள் உள்ள இடத்தில் இதனாற் காலவிரயம் தோன்றாது. ஒரே கோப்பகத்தில் ஓர் இலட்சம் கோப்புக்கள் இருப்பின், இல்லாத பெயரொன்றைக் கேட்குந்தோறும் ஓர் இலட்சம் பெயரையும் ஒப்பிட வேண்டிவரும். ஆகவே பகிரப்படுங் கோப்பகம் மிக மெதுவாக இயங்குவதும் எழுத்து வேறுபாட்டின் விளைவாக இருத்தல் கூடும்.

கோப்பொன்றைத் திறக்குமாறு ஒருவன் கேட்கும்போது அக்கேள்வி நான்கு படிகளைக் கடக்கின்றது. அவை சேவையகத்தின் வன்தட்டிலுள்ள கோப்பு முறைமை, பகிர்வை நடத்துஞ் சேவையக மென்பொருள், பயன்படுத்துவோன் கணினியில் அக்கோப்பகம் ஏற்றப்பட்ட முறை, அவன் பயன்படுத்தும் மென்பொருள் என்பனவாம். இந்நான்கும் எழுத்து வேறுபாட்டைப் பற்றித் தனித்தனியே ஒரு கொள்கை உடையன. ‘இக்கணினி வேறுபடுத்துமா’ எனக் கேட்டல் போதாது. ‘எந்தப் படி வேறுபடுத்துகின்றது’ எனக் கேட்டலே தக்கது. குற்றத்தை ஆராய்வோன் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

குற்றத்தை ஆராயும் முறை

இக்குற்றம் பல வேடங்களில் தோன்றும். பட்டியலிற் காணப்படுங் கோப்பு திறக்க மறுக்கும். ஓரிடத்தில் இரண்டாகத் தோன்றுவன மற்றோரிடத்தில் ஒன்றாகத் தோன்றும். பெயரின் வடிவத்தை மட்டும் மாற்றினால் மாற்றம் ஏற்காது. விண்டோஸ் கணினியிற் செவ்வனே இயங்கிய இணையத்தளம் லினக்ஸ் சேவையகத்துக்கு மாற்றப்பட்டதும் அதன் படங்கள் மறையும். இவை யாவற்றுக்கும் மூலம் ஒன்றே.

முதலாவதாக, பரிசோதனைக்கெனப் புதிய வெறுங் கோப்பகம் ஒன்றை அப்பகிர்வினுள் உண்டாக்குதல் வேண்டும். பயன்பாட்டிலுள்ள கோப்பகத்திற் பரிசோதித்தல் ஆகாது. வேறுபடுத்தாத முறைமையாயின், பரிசோதனைக் கோப்பே உண்மைக் கோப்பின்மேல் எழுதப்பட்டுவிடும். அவ்வெறுங் கோப்பகத்திற் சிற்றெழுத்துப் பெயருடைய கோப்பொன்றை ஆக்கி, அதனைப் பேரெழுத்துப் பெயராற் கேட்க. கிடைப்பின் அவ்விடம் வேறுபடுத்தவில்லை; இல்லையென விடை வரின் வேறுபடுத்துகின்றது. பின்னர்ப் பட்டியலைப் பார்க்க. எழுதிய வண்ணமே பெயர் தோன்றின் வடிவம் பேணப்படுகின்றது.

இரண்டாவதாக, இதே பரிசோதனையைச் சேவையகத்தின் வன்தட்டில் நேரே ஒருமுறையும், அப்பகிர்வை ஏற்றியுள்ள ஒவ்வொருவகைக் கணினியிலும் ஒவ்வொரு முறையும் செய்தல் வேண்டும். விடைகளை நிரலாக எழுதி ஒப்பிட்டால், விடை மாறும் இடத்திலேயே குற்றத்தின் மூலம் உளது. வன்தட்டு வேறுபடுத்துகின்றது, லினக்ஸ் கணினியும் வேறுபடுத்துகின்றது, விண்டோஸ் கணினி மட்டும் வேறுபடுத்தவில்லை எனின், எம்முறைமையும் பழுதடைந்ததன்று. சம்பாவின் ‘கேஸ் சென்சிற்றிவ்’ என்னும் அமைப்பு, வழக்கமாக ‘ஓட்டோ’ என்னும் நிலையில் உளது. யுனிக்ஸ் விரிவுகளை அறிந்த கணினி வேறுபடுத்துமாறு கேட்பின் அது வேறுபடுத்தும், ஏனையவற்றுக்கு வேறுபடுத்தாது. ஆகவே ஒரே பகிர்வு ஒரே நேரத்தில் இருவருக்கு இருவேறு விடை கூறுதல் இயலும்.

மூன்றாவதாக, சேவையகத்தின் அமைப்பையும் ஏற்றப்பட்ட முறையையும் நேரிற் பார்த்தல் வேண்டும். சம்பாவின் அமைப்பை ‘ரெஸ்ட்பாம்’ என்னுங் கட்டளை காட்டும். எவரும் மாற்றாத இயல்பு நிலைகளையும் காண விரும்பின் அக்கட்டளையோடு ‘வி’ என்னும் விருப்பைச் சேர்த்தல் வேண்டும். லினக்ஸ் கணினியில் ‘மவுண்ட்’ என்னுங் கட்டளையைத் தனியே இட்டால், ஏற்றப்பட்டவற்றின் பட்டியல் வரும். எந்நெறிமுறையால் ஏற்றப்பட்டது, ‘நோகேஸ்’ என்னும் விருப்பு இடப்பட்டதா என்பன அதிற் புலப்படும். எஸ்.எம்.பி. பகிர்வை ஏற்றும்போது அவ்விருப்பை இடின், பெயர்களை ஒப்பிடுகையில் வடிவ வேறுபாட்டைப் புறக்கணிக்குமாறு கேட்கப்படுகின்றது என்க.

நான்காவதாக, பெயரைக் கேட்டல் வேறு, பெயரைத் தேடிப் பொறுக்குதல் வேறு என்பதை உணர்தல் வேண்டும். விண்டோஸ் சேவையகத்தின் பகிர்வொன்றை லினக்ஸ் கணினியில் ஏற்றியவன், ஒரு கோப்பைப் பேரெழுத்தாலும் சிற்றெழுத்தாலும் கேட்டு இருமுறையும் பெறுவான். ஆனால் ஒரு பின்னொட்டைச் சிற்றெழுத்தில் எழுதி, அதன் முன்னர் உடுக்குறியிட்டு, ‘இப்பின்னொட்டுடைய கோப்புக்கள் யாவும்’ எனக் கேட்பின், பின்னொட்டைப் பேரெழுத்திற் கொண்ட கோப்புக்கள் அகப்படமாட்டா. முன்னையதற்கு விடை கூறியது சேவையகம். பின்னையதில் ஒப்பீட்டைச் செய்தது லினக்ஸ் கணினியின் கட்டளை வாசிப்பான். அது வேறுபடுத்தும் மரபினது. படி வேறாயின் விடையும் வேறாதற்கு இது தெளிவான சான்றாகும்.

ஓர் உண்மை நிகழ்ச்சி

இவ்விடர்ப்பாடு கல்லாதாரிடத்து மட்டும் நிகழ்வதன்று. லினக்ஸின் கருவுக்குரிய மூலநிரலின் பல பதிப்புக்களிலே, வலையமைப்புப் பொதிகளை வடிகட்டும் பகுதியில், எழுத்து வடிவத்தால் மட்டும் வேறுபடும் இணைக்கோப்புக்கள் உள்ளன. பொதியொன்றில் அடையாளம் இடுவதற்குரியது பேரெழுத்துப் பெயரையும், இடப்பட்ட அடையாளத்தைச் சோதிப்பதற்குரியது சிற்றெழுத்துப் பெயரையும் தாங்கும் மரபு அங்கே வழங்கியது. லினக்ஸில் இதனால் இடையூறு இல்லை. அம்மூலநிரலை வேறுபடுத்தாத வன்தட்டிற் கிட் என்னும் பதிப்புக் காப்பு மென்பொருளாற் படியெடுப்பின், ஒவ்வோர் இணையிலும் ஒரு கோப்பே வன்தட்டில் நிலைக்கும். படியெடுத்தவன் யாதொன்றுந் தொடாதிருக்கவும், கோப்புக்கள் திருத்தப்பட்டுள்ளன என மென்பொருள் கூறும். 2018இன் இறுதியில் வெளிவந்த கிட் 2.20 பதிப்பு முதல், படியெடுக்கும்போதே இத்தகைய மோதலைக் கண்டு எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது.

அதனினும் பாரதூரமான நிகழ்ச்சியொன்று 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிப்பட்டது. கிட் தன் சொந்த அமைப்புக்களை, புள்ளியோடு தொடங்கும் சிற்றெழுத்துப் பெயருடைய மறைவான கோப்பகமொன்றில் வைத்திருக்கும். பிறர் அனுப்பும் நிரலில் அப்பெயருடைய கோப்பகம் இருப்பின் அதனை ஏற்காது. ஆனால் அப்பெயரின் ஓரெழுத்தைப் பேரெழுத்தாக்கி அனுப்பினால், வேறுபடுத்தும் மென்பொருள் அதனை வேறு பெயரெனக் கொண்டு உள்ளே விட்டது. வேறுபடுத்தாத வன்தட்டோ அதனை அதே பெயரெனக் கொண்டு, மறைவான அமைப்புக்களின் மேலேயே எழுதியது. இதனால், தீயோர் அனுப்பிய நிரலைப் பெற்றவனின் கணினியில் அவர் விரும்பிய கட்டளைகளை இயக்கும் வழி பிறந்தது. விண்டோஸ், மக் கணினிகளைப் பயன்படுத்துவோரே பெரிதும் ஆபத்துக்குள்ளாயினர். லினக்ஸ் பயன்படுத்துவோரும் வேறுபடுத்தாத கோப்பு முறைமையொன்றில் நிரலை வைத்திருப்பின் தப்பினாரல்லர். அவ்வாண்டு டிசெம்பர் 18ஆந் திகதி திருத்தப் பதிப்பு வெளியிடப்பட்டது. மென்பொருள் தனியே நோக்கின் பிழையற்றது. வன்தட்டும் தனியே நோக்கின் பிழையற்றது. இரண்டும் ஒரே பெயரைப் பற்றி இருவேறு கருத்துக் கொண்டமையே பிழைக்கு வாயிலாயிற்று.

தீர்க்கும் வழிகள்

குற்றத்தின் மூலம் அறியப்பட்டதும், தீர்வு அதற்கேற்ப அமைதல் வேண்டும். வேறுபடுத்தும் வன்தட்டிலிருந்து வேறுபடுத்தாத வன்தட்டுக்குக் கோப்புக்களை மாற்ற எண்ணுவோன், மாற்றுதற்கு முன்னரே மோதும் பெயர்களைக் கண்டறிதல் வேண்டும். லினக்ஸில் ‘ஃபைண்ட்’ கட்டளையாற் பெயர்கள் யாவற்றையும் பாதையுடன் பட்டியலிட்டு, வடிவ வேறுபாட்டைப் புறக்கணித்து ‘சோட்’ கட்டளையால் நிரைப்படுத்தி, ‘யுனிக்’ கட்டளையால் இரட்டிப்பவற்றை மட்டும் எடுத்தால் மோதல்கள் வெளிப்படும். கோப்புக்களைப் போலவே கோப்பகங்களும் மோதும்; அவ்வாறு மோதின் இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மோதுவனவற்றை உரியவரிடங் கேட்டுத் தெளிந்த பின்னரே பெயர் மாற்றுதல் தகும். மாற்றம் முடிந்ததும் இருபுறத்துக் கோப்புக்களின் தொகையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒத்திருப்பின் மட்டுமே பழையதை அழிக்கலாம்.

பெயரின் வடிவத்தை மட்டும் மாற்ற முடியாதிருப்பின், இடைப்பெயர் ஒன்றைப் பயன்படுத்துக. முதலிற் கோப்புக்கு முற்றிலும் வேறான பெயரொன்றை இட்டு, பின்னர் அதனை விரும்பிய பெயராக மாற்றினால் இடையூறு நீங்கும்.

சம்பாவின் ‘கேஸ் சென்சிற்றிவ்’ அமைப்பை ‘யெஸ்’ என மாற்றினால், கோப்பகம் முழுவதையும் தேடும் வேலை இல்லையாகி வேகம் கூடும். எனினும், பெயரின் வடிவத்தைத் தாமே மாற்றிக் கேட்கும் விண்டோஸ் மென்பொருள்கள் அப்போது கோப்பைக் காணாது திகைக்கும். ஆகவே மிகப்பல கோப்புக்களுள்ள பகிர்வுக்கு இம்மாற்றத்தைச் செய்வோர், முதலிற் கோப்புப் பெயர்கள் யாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, ‘டிபோல்ற் கேஸ்’ என்னும் அமைப்பில் அவ்வடிவத்தைக் குறித்து, ‘பிரிசேர்வ் கேஸ்’, ‘ஷோட் பிரிசேர்வ் கேஸ்’ என்பவற்றை ‘நோ’ என்று அமைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின், எவ்வடிவத்திற் கேட்பினும் சம்பா அதனைக் குறித்த வடிவத்துக்கு மாற்றியே வன்தட்டிற் பார்க்கும். ஒன்றைச் செய்து ஏனையவற்றை விடுதல் புதிய குற்றங்களை விளைவிக்கும்.

இரு மரபினரும் பிற்காலத்தில் மற்ற மரபின் தேவையையும் உணர்ந்தனர். 2018ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 பதிப்பொன்று, குறித்த ஒரு கோப்பகத்தை மட்டும் வேறுபடுத்துவதாக அமைக்க வழி செய்தது. 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.2, ஈ.எக்ஸ்.ரி.4 கோப்பு முறைமையிற் குறித்த ஒரு கோப்பகத்தை வேறுபடுத்தாததாக அமைக்க இடமளித்தது. அவ்வாறு அமைக்கும்போது அக்கோப்பகம் வெறுமையாயிருத்தல் வேண்டும். இவ்வசதிகள் பயனுடையனவேனும், ஒரே வன்தட்டில் இருவகைக் கோப்பகமும் அடுத்தடுத்திருத்தலின், எது எவ்வகையினது என்பதை எழுதி வைத்திராவிடின் ஆராய்ச்சி முன்னிலும் கடினமாகும்.

தமிழ்ப் பெயர்கள்

தமிழிற் பேரெழுத்துச் சிற்றெழுத்து வேறுபாடு இன்மையாற், கோப்புக்களுக்குத் தமிழிற் பெயரிடின் தொல்லை ஒழியுமோ எனக் கருதுவோர் உளர். அத்தொல்லை ஒழியும், ஆனால் அதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. யுனிகோட் குறியீட்டிலே ஒகர உயிர்க்குறியைத் தனிக்குறி ஒன்றாலும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, அரவு என்னும் இரு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இஃது ஒக்கும். திரையிலே இரண்டும் ஒன்றாகவே தோன்றும். யு.ரி.எஃப். 8 முறைப்படி ‘கொ’ என்பதை முதலாவது வகையில் எழுதின் 6 பைற்றும், இரண்டாவது வகையில் எழுதின் 9 பைற்றும் ஆகும். பைற்று வேறாயிற் பெயரும் வேறு என்னும் லினக்ஸின் கொள்கைப்படி இவை இரண்டு பெயர்களே.

அப்பிள் நிறுவனம் 1998இல் வெளியிட்ட எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னுங் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமித்தது. விசைப்பலகை மென்பொருள்கள் பலவோ சேர்த்த வடிவத்தையே தருவன. ஆதலின் அத்தகைய மக் கணினியிலிருந்து லினக்ஸ் பகிர்வுக்குப் படியெடுத்த ‘கொடை’ என்னுங் கோப்பை, மற்றொருவன் தன் விசைப்பலகையால் ‘கொடை’ என்றே தட்டச்சிட்டுக் கேட்பினும் ‘இல்லை’ என்னும் விடை வரலாம். கண்ணுக்கு முன்னே பட்டியலில் நிற்குங் கோப்பு கையில் அகப்படாதது கண்டு அவன் மயங்குவான். ஆங்கிலப் பெயரில் எழுத்து வடிவமாவது கண்ணுக்குப் புலப்படும். இங்கே வேறுபாடு முற்றாக மறைந்து நிற்கின்றது. ‘கொன்வ்எம்வி’ என்னுங் கருவியாற் பெயர்கள் யாவற்றையும் சேர்த்த வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிடின் இது தீரும்.

பெயரிடும் ஒழுங்கு

மேற்கூறிய அனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து, சேவையகத்தின் அமைப்பை மாற்றுவதிலும், பெயரிடும் ஒழுங்கொன்றைப் பயன்படுத்துவோர் யாவரும் முன்னரே உடன்பட்டுக் கைக்கொள்வது பயனுடையது என்பது புலனாகும். ஆங்கிலப் பெயர்கள் முழுவதுஞ் சிற்றெழுத்தாலமைக. வடிவத்தால் மட்டும் வேறுபடும் இரு பெயர்கள் எக்காலும் வேண்டா. திருத்திய பிரதியைக் குறிக்கத் திகதியையோ எண்ணையோ பெயரிற் சேர்க்க. தமிழ்ப் பெயர்களுக்குச் சேர்த்த குறி வடிவமே நியமமாகுக. இந்நான்கு விதிகளையும் அரைப்பக்கத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். இவ்வொழுங்கின்படி இடப்பட்ட பெயர், வேறுபடுத்தும் முறைமையிலும் வேறுபடுத்தாத முறைமையிலும் ஒரே பொருளையே சுட்டும். வன்தட்டு மாறினும் சேவையகம் மாறினும் அப்பெயருக்கு ஊறு நேராது. பரீட்சைப் புள்ளிகள், மாணவர் பதிவேடுகள், பழைய மலர்களின் படிகள் முதலிய மீளப் பெறற்கரிய ஆவணங்களைக் கணினியில் வைத்துக் காக்குங் கல்வி நிலையங்கள், அடுத்த முறை சேவையகத்தை மாற்றுமுன் ஒருநாளை ஒதுக்கி, மோதும் பெயர்கள் உளவாவெனத் தேடிப் பார்த்தல் நன்று.